புரட்டிக்கு இருபது வயது

ஜனவரி 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்தக் குளிருக்கு உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? அலுவலகத்தில் மாடிப்படியை நின்று நின்று ஏறு. ஓடிப்போய் ஏறினால் யாரும் பரிசு தரப்போவதில்லை.

ஐந்து வருடமாக எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஒரு சின்ன உதவி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு காப்புரிமையைப் பற்றித் தெரிய வேண்டுமாம். எண் 184607. சான்றிதழில் உள்ள தேதிப்படி வரும் ஆகஸ்டோடு பதினாறு வருடம் ஆகிறது. மொத்தம் இருபது என்றால், அதற்கப்புறமும் நாலு வருடம் பாக்கி என்று மனிதர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தக் கணக்கு சரியா? அதற்கு முன்னால் முடிய வழி ஏதாவது உண்டா? காப்புரிமை அலுவலகத்திலேயே குப்பை கொட்டுகிறவள் நீ. உனக்குத் தெரியாததா!

வீட்டுக்குப் போன் செய்யாதே. உன் குரல் கேட்டால் உன் அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது. எலும்பு முறிவு வார்டு, தலைமை நர்ஸ் என்று போட்டால் என் கைக்கு வந்துவிடும்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மூச்சிரைப்பு இந்த வருடம் என்னை மறந்துவிட்டது, நானும் ஞாபகப்படுத்தவில்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி?

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அண்ணனுக்குத்தான் ஏதோ என்று படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கே காது குத்துகிறீர்களே அண்ணி! 184607 எதன் எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது நம்முடைய புரட்டி. வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தே உங்கள் இடுப்பு போயிற்று என்று, ஒற்றை ஆள் கைப்பிடியைச் சுற்றினாலே படுத்திருப்பவர் ஒருக்களித்துத் திரும்பும்படி அண்ணன் செய்த யந்திரம். அவர் வேலை பார்த்த கட்டில் தொழிற்சாலை அதைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு தப்பு. இருபது வருடம் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து இல்லை, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து. குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுவோமா, பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்தா? விண்ணப்பம் போட்டு மூன்று நாலு வருடம் கழித்துத்தான் சான்றிதழே வரும். ஆக நாலு வருடம் பாக்கி இருக்காது. சரியான தேதிக்குப் பழைய பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அது பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. வந்ததும் பார்க்கிறேன். வருடாவருடம் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும், கட்டாவிட்டால் நடுவிலேயே செத்துப்போகும். எங்கள் ஏட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை, தெருவில் போகிறவர் கேட்டாலும் எடுத்துக் காட்டுவோம். அதனால் தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது என்ன?

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும் முடியாது. மனதுக்குள் விசாரித்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது, ஒன்றை விட்டு ஒன்று பிரியாது.

சரி, பிடிபட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு கண்ணாடிக் கடைக்காரர். அவருக்குக் காப்புரிமையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது.

தொழிற்சாலை உன் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினதிலிருந்து வாசலறையில் உட்கார்ந்து தெருவார் கொண்டுவரும் மின்விசிறியையும் இஸ்திரிப் பெட்டியையும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'திருப்புளி'. அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் விழாவுக்குத் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்களே, அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு, "அதுலேர்ந்து இருபது வருஷம், அதுக்கப்புறம் பாரு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

எங்கள் வார்டில் முப்பது கட்டில், ஒரே ஒரு புரட்டி. தொழிற்சாலைக்காரன் சொல்லும் விலைக்கு இரண்டாவது வாங்க ஆஸ்பத்திரியால் முடியவில்லை. எதிர்த் தெருவில் அச்சகம் இருந்த கொட்டகை காலியாகிறது. கூரை நல்ல கூரை, கடைசல் யந்திரம் வைக்கிற மாதிரி தரை. முடிவு சொல்லச் சொல்லி உரிமையாளர் கேட்கிறார். ஏட்டைச் சீக்கிரம் பார்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல். பைண்டிங்குக்குப் போன ஏடு வந்ததா, இல்லை அங்கேயே குடித்தனம் போட்டுவிட்டதா? பதிலே இல்லையே. நான் கேட்டதில் ஏதாவது தப்பா? முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொட்டகைக்காரர் நேற்றும் வார்டுக்கே வந்து நின்றார்.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம், வணக்கம், மூன்றாவது தடவையும் வணக்கம்! என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. இன்றைக்குப் படியை ஓடியே ஏறினேன், திட்டிக்கொள்ளுங்கள்.

ஏடு பிப்ரவரி முதல் வாரமே வந்துவிட்டது. விண்ணப்பத் தேதி செப்டம்பர் 14. இந்த வருடம் செப்டம்பர் 14 வந்தால் இருபது முடிகிறது. ஆறே மாதம்! அதையே அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் உண்டு. கடைசி வருடத்துக் கட்டணத்தைப் போன செப்டம்பரிலேயே கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. தவறினால் அபராதத்தோடு கட்ட ஆறு மாதம் கெடு. அது மார்ச் 14. அதுவரை உங்களிடம் சொல்லி ஆசை காட்ட வேண்டாம் என்று தினமும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று கட்டண ஏட்டைத் திறந்தேன். கட்டம் காலி. செத்துப்போச்சு அண்ணி! செப்டம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். அண்ணன் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

யார் சொன்னார்கள் என்று கேட்டால் என்ன சொல்வதென்று உங்கள் இஷ்டம்.

நீங்கள் அவசரம் என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 1

அன்புள்ள நாத்தனாருக்கு,

வயிற்றில் பாலை வார்த்தாய், நீ நன்றாக இருப்பாய்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். "யாரு சொன்னா?" என்றார். "உங்க தங்கச்சி" என்றேன். கையில் இருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். நான் துணி துவைத்து உலர்த்தி முடித்த பிறகு உள்ளே வந்து, "அவ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான், அடுத்த நிமிடம் அளவு நாடாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கொட்டகைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இரண்டு புரட்டி முக்கால்வாசி தயார். வரும் பன்னிரண்டாம் தேதி எங்கள் வார்டிலேயே மாட்டுவதாகப் பேச்சு, ஆஸ்பத்திரி மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசி நட்டுகளை நான்தான் முறுக்குகிறேன். நாற்பது வருடத் தொழிலாளிக்கு நர்ஸ் எடுபிடி! ஏன் என்று கேட்டால், "சும்மா சுத்துடி, கேள்வி கேக்காத" என்கிறார்.

நீ ஒரு தடவை வந்து போயேன். நான் பேசிச் சரிசெய்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேரே சொல்கிறேன்.

நேற்று நான் போன் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் எடுப்பீர்கள் என்று நினைத்தேன், அண்ணன் எடுத்தார். "அண்ணா, விக்காத. அது இன்னும் உயிரோடதான் இருக்கு. தப்பு என்னோடது" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.  பிறகு "சரி" என்றார், வைத்துவிட்டார். ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே சொல் அது.

எங்கள் அலுவலகத்தில் கட்டணம் பதிய ஒரு பெரிய ஏடு. உரிய நாள் தாண்டி அபராதத்தோடு வருவதை மட்டும் ஒரு பச்சை ஏட்டில் பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஏட்டுக்கு மாற்றுவோம். பெரியதைப் பார்த்தால் போதாது, பச்சையையும் பாருங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறவள் நான். காலியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், காலியாக இருந்தது, மூடி வைத்துவிட்டேன். நேற்று மாற்றி எழுதும் வேலை என் மேசைக்கே வந்தது. 184607, மார்ச் 11, அபராதத்துடன் செலுத்தப்பட்டது. கெடுவுக்கு மூன்று நாள் முன்னால். என் கையாலேயே எழுதினேன்.

விற்கக் கூடாது. விற்பதற்காகச் செய்து அடுக்கவும் கூடாது. ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்ள எங்கள் சட்டம் விடும். மற்றதைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். தொழிற்சாலைக்காரன் வழக்குப் போட்டால் கொட்டகையோடு போய்விடும்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. என்னை மன்னிக்க வேண்டாம், பதில் மட்டும் எழுதுங்கள்.

நாத்தனார்


மே 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஒன்றரை மாதமாக எழுதவில்லை. கோபம்தான், மறைப்பானேன். ஆஸ்பத்திரி மேலாளர் முன்னால் நின்று இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் நல்ல மனிதர், "செப்டம்பர்ல கொண்டாங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றார்.

உன் அண்ணன் ஒரு யந்திரத்தைப் பிரித்துச் சாக்கில் கட்டினார். "கையெழுத்துப் போடுன்னு சொன்னதும் அவதான், விக்காதன்னு சொல்றதும் அவதான்" என்றார். எனக்கு உன்மேல் இருந்த கோபம் அவர்மேல் திரும்பிவிட்டது. "அவ சொல்லாம விட்டிருந்தா கோர்ட்டுக்குத்தானே போயிருப்பீங்க?" என்று கத்தினேன். "அதான் சொல்றேன். சொன்னாளே" என்றார். அதற்கு என்ன அர்த்தமோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அவசரம் என்ன என்று இரண்டு தடவை கேட்டாய். நான் மென்று விழுங்கினேன். அவருக்கு வலது கை நடுங்குகிறது. போன வருடம் தொடங்கியது. நட்டு முறுக்க முடிவதில்லை, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். நுணுக்கமான வேலைக்கு இன்னும் இரண்டு வருடம், கூடிப்போனால் மூன்று என்று எங்கள் டாக்டர் என்னிடம் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை. நாலு வருடம் கழித்து வரும் உரிமையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் சொல்? செப்டம்பர் என்றால் நான் பொறுப்பேன். ஆற அமர யோசித்தால், நீ எனக்கு நாலு வருடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

ஒரு சந்தேகம். வார்டுக்கு வந்த தொழிற்சாலை விலைப்பட்டியலில் புதுப் புரட்டி படத்துக்குக் கீழே இரண்டு எண் போட்டிருக்கிறான். ஒன்று நம்முடையது. இன்னொன்று 231952. அது என்ன பூதம்? பார்த்துச் சொல். பதறாமல் பார்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்து அழுதேன். அண்ணன் கையா! ஒரு முடியை நீளவாக்கில் இரண்டாக வகிரக் கூடியவர் என்று தொழிற்சாலையில் சொல்வார்களே.

231952-ஐ முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மூன்று நாள் படித்தேன். அவன் உரிமை கேட்டிருப்பது மோட்டாரால் திருப்புவதற்கும், மோட்டாரைத் தானாக நிறுத்தும் பொத்தானுக்கும் மட்டும். அதற்கு இன்னும் ஏழு வருடம் உயிர் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணனுடையது கையால் சுற்றுவது. மோட்டார் பக்கமே போகாத வரை அந்தப் பூதம் உங்களைத் தொடாது. என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று எங்கள் பிரிவு மேலாளரிடமும் படிக்கக் கொடுத்தேன். அவரும் அதையே சொன்னார்.

இத்துடன் 184607-இன் பதிவேட்டு நகல், முத்திரையோடு. பெரிய ஏடு, பச்சை ஏடு இரண்டும் ஒத்துப் பார்த்தது. நீட்டிப்பு இல்லை, வழக்கு இல்லை. செப்டம்பர் 14-உடன் காலாவதி.

அண்ணன் சொன்னது உண்மை. கையெழுத்துப் போடு, அது வெறும் சடங்கு, உன் பேர் எங்கேயும் போகாது என்று சொன்னவள் நான்தான். பத்திரத்தை எனக்கு அனுப்பி, "படிச்சுப் பாத்துச் சொல்லு குட்டி" என்றார். நான் முதல் பக்கம்தான் படித்தேன். ஐந்து வருடம் முன் அவருக்கு வேலை போன அன்றைக்குத்தான் மீதியைப் படித்தேன்; வேலையை விட்டாலும் உரிமை முழுக்கத் தொழிற்சாலைக்கே என்று அதில் இருந்தது. அவர் பேசாமல் போனதால்தான் நானும் பேசவில்லை என்று உங்களிடம்கூட நடித்திருக்கிறேன். பயம் அண்ணி, வேறொன்றும் இல்லை.

நகலை அவரிடம் காட்டுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். இங்கே வெயில் கொளுத்துகிறது, அங்கேயும் அப்படித்தானா?

நகலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். 'உரிமையாளர்' என்ற இடத்தில் தொழிற்சாலை. அதற்குக் கீழே 'கண்டுபிடித்தவர்' என்று இருக்கிறதே, அதில் விரலை வைத்துக்கொண்டு, "என் பேரு இருக்கா?" என்று என்னிடம் கேட்கிறார். தமாஷ் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அழித்திருப்பார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார் மனுஷன்! நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அன்றைக்கு முழுவதும் அவருக்குச் சட்டையில்லாமல் ஊர்வலம் போகிற சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு.

உன் கடிதத்தையும் படித்தார், நான்தான் கொடுத்தேன்.  உன்னிடம் கேட்கச் சொன்னார்: பதினாலாம் தேதியே மாட்டலாமா, பதினைந்தா?

சோதனை யந்திரத்தோடு கொட்டகையிலேயே கிடக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்கிறார்.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பதினாலு முழுக்க அவர்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து காலையிலிருந்து அது யாருடையதும் இல்லை, எல்லோருடையதும். பதறாமல் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அவரே கேட்டாரா? நிஜமாகவா?

நாத்தனார்


செப்டம்பர் 18

அன்புள்ள குட்டிக்கு,

நலம். உன் நலத்தை உன் அண்ணி எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். எழுத்து இப்படித்தான் வரும், கண்டுகொள்ளாதே.

பதினைந்தாம் தேதி காலை எட்டரைக்கு வார்டில் முதல் புரட்டியை மாட்டினேன். இடுப்பெலும்பு முறிந்த ஒரு லாரி டிரைவர், நல்ல ஆகிருதி. அவர் மனைவி ஒல்லிக்குச்சி. கைப்பிடியை அந்த அம்மாவிடமே கொடுத்தேன். நாலு சுற்று. மனிதர் ஒருக்களித்துவிட்டார். "ஏய், நீயா திருப்புன?" என்று டிரைவர் கேட்க, அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. மேலாளர் இன்னும் ஆறு கேட்டிருக்கிறார்.

நீ எழுதியதைப் படித்தேன். முதல் பக்கம் மட்டும் படித்ததாக எழுதியிருக்கிறாய். நான் அதுகூடப் படிக்கவில்லை. சம்பளம் நின்றுவிடும் என்று பயந்து கையெழுத்துப் போட்டேன். அந்தப் பயத்தை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, உன் தலையில் கட்டிவிட்டேன். ஐந்து வருடம் போயிற்று. நீ வா. உன் அண்ணி உனக்காகப் பக்கத்து அறையை ஒழித்துவிட்டாள்.

ஒரு காரியம். என் கை நடுங்குவது உனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன கணக்கும் எனக்குத் தெரியும், உன் அண்ணிக்குத்தான் நான் அறிந்தது தெரியாது, சொல்லிவிடாதே. நடுங்கும் கையால் புரட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் நடுவில் நழுவிப் பின்வாங்குகிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், அவர்கள் கையும் இப்படித்தானே இருக்கும்? மூன்று மாதம் கொட்டகையில் உட்கார்ந்து, கை விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்படி ஒரு கைப்பிடி செய்துவிட்டேன். வார்டில் மாட்டியது பழைய கைப்பிடிதான். புதியதை நானும் உன் அண்ணியும் தவிர யாரும் பார்க்கவில்லை.

இதற்கு நான் விண்ணப்பம் போட வேண்டும், என் பேரிலேயே. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று இந்தத் தடவை கேட்க மாட்டேன், எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போடுவேன். 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் இரண்டு பேர் எழுத இடம் இருக்குமா? விட்ட இடத்திலேயே நிறுத்தும் பல்சக்கரம் என்னுடையது. ஆனால் பிடியை வளையமாகச் செய்தால் விரல் மடங்காதவரும் மணிக்கட்டை நுழைத்துச் சுற்றலாம் என்று சொன்னது உன் அண்ணி. அவளிடம் சொன்னால், "எனக்கெதுக்கு அதெல்லாம், நான் என்ன கண்டேன்" என்பாள். பேரை எழுதிவிட்டுத்தான் சொல்லப்போகிறேன். அவள் பேர் முதலில்.

படிவம் இரண்டு அனுப்பு. ஒன்றை எப்படியும் கிறுக்கிவிடுவேன்.

உன்
அண்ணன்